அண்ணன் உருட்டிய வளையங்கள்

கோவில்பட்டியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அண்ணனும் மதினியும் இருந்தார்கள். மாடியில் ஒற்றை அறையில் நான். பெங்களூரில் பதினோரு வருடம் கட்டிட வடிவமைப்பு நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு, கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா இல்லை. அண்ணன் மகள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஆகவே அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். சாப்பாடு எனக்கும் கீழேதான்.

நான் செய்வது கம்ப்யூட்டரில் வளைந்த கூரைகளுக்கு வடிவம் கொடுக்கும் வேலை. கோடு கோடாக உட்கார்ந்து வரைவதில்லை. இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம், இந்த இடத்தில் இவ்வளவு வளைவு என்று எண்களையும், அந்த எண்கள் ஒன்றுக்கொன்று எப்படிக் கட்டுப்பட வேண்டும் என்பதையும் கொடுத்துவிட்டால் மென்பொருளே உருவத்தை எழுப்பிவிடும். ஒரு எண்ணை மாற்றினால் கூரை முழுவதும் அதற்கேற்ப அசைந்து கொடுக்கும். கம்பெனிகள் சென்னையிலும் மதுரையிலும் இருக்கும். நான் மாடியில் இருந்தபடி செய்து அனுப்புவேன்.

அண்ணனுக்குப் புதூர் போகும் ரோட்டில் வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக்குக் கைப்பிடி, தீப்பெட்டி செய்கிற ஆபீஸ்களுக்குத் தட்டு அடுக்குகிற ஸ்டாண்டு, இதெல்லாம் அவன் வேலை. என்னைவிட எட்டு வயது மூத்தவன். பத்தாவதோடு படிப்பை விட்டவன். ஆனால் ஒரு கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தே இது எத்தனை அடி என்று சொல்லுவான். டேப் வைத்துப் பார்த்தால் ஒரு விரல் அகலம்கூட வித்தியாசம் இருக்காது.

போன வருடம் மாசியில் மதுரை ஆர்க்கிடெக்ட் ஒருவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். விளாத்திகுளம் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட, முற்றத்தில் ஒரு நிழற்கூரை வேண்டும். வழக்கமான தகரக் கூரை வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தார் சொல்லிவிட்டார்கள். கவிழ்த்து வைத்த சட்டியை ஒரு பக்கமாகத் தரையை நோக்கி இழுத்துவிட்ட மாதிரி ஒரு வடிவத்தை அவர் யோசித்திருந்தார். அந்த வடிவம் முழுவதும் இரும்புக்குழாய் வளையங்களால் ஆனது. பெரியதும் சின்னதுமாக முந்நூற்றுச் சொச்சம் வளையங்கள். எந்த வளையமும் இன்னொன்றின் மேல் ஏறக் கூடாது. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைத் தொட வேண்டும். தொடும் இடத்தில் பற்றவைத்தால் அந்தத் தொடுதல்களே மொத்தக் கூரையையும் தாங்கிக்கொள்ளும். சில வளையங்களுக்குள் பிளாஸ்டிக் தகடு, சிலது திறந்தபடி.

மேஜைமேல் காசுகளை நெருக்கி அடுக்குவது சின்னப் பிள்ளைக்கும் வரும். அதையே ஒரு சட்டியின் முதுகில் அடுக்கச் சொன்னால் வராது. ஓரிடத்தில் நெருங்கினால் இன்னோரிடத்தில் விலகும். அளவை மாற்றி மாற்றித்தான் சேர்க்க வேண்டும். அதைத்தான் நான் மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வட்டங்களை வளைவின் மேல் சும்மா இறைத்துவிட்டு, ஒன்றையொன்று தள்ளவும் இழுக்கவும் செய்து, எல்லாம் அடங்கி நிற்கும்வரை ஓடவிடுவது. முதல் தடவை அது ஓடியபோது அண்ணனை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். திரையில் வட்டங்கள் முண்டியடித்து, சுருங்கி, பெருத்து, கடைசியில் அமைதியானதைக் குனிந்து நின்று பார்த்தான்.

"ஏட்டி, டவுன்பஸ்ஸுல ஏறுன சனம் நெருக்கிட்டு எடம் பிடிக்க மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தான். பிறகு, "இத நான் செஞ்சு தாரேன். வெளியாளுக்குக் கொடுக்காத" என்றான்.

ஆர்க்கிடெக்ட் தயங்கினார். கிரில் செய்கிற பட்டறையால் இது முடியுமா என்று கேட்டார். நான்தான் பொறுப்பு என்று சொல்லி வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "தங்கச்சி கணக்கு, நம்ம வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பட்டறைத் தரையில் குட்டையும் நெட்டையுமாகக் கம்பிகளை நட்டு, அவற்றின் தலைகள் சேர்ந்தால் கூரையின் வளைவு வருகிற மாதிரி ஒரு தாங்கல் செய்தார்கள். எந்தக் கம்பி எவ்வளவு உயரம் என்று நான் பட்டியல் கொடுத்தேன். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு எண், ஒரு அளவு. அண்ணன் குழாயை மெஷினில் விட்டு உருட்டி வளையமாக்குவான். அவனோடு பதினைந்து வருடமாக இருக்கிற வெல்டர் அண்ணாச்சி அவற்றைத் தாங்கலின் மேல் வைத்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பார்.

சித்திரை கடைசியில் ஒரு மத்தியானம் பட்டறையிலிருந்து போன் வந்தது.

"ஏட்டி, கொஞ்சம் வந்துட்டுப் போ. வளையம் முட்ட மாட்டேங்குது."

எனக்கு அன்று வேறொரு கம்பெனிக்கு வேலை அனுப்ப வேண்டியிருந்தது. எரிச்சலோடுதான் ஸ்கூட்டியை எடுத்தேன். பட்டறைக்குள் தகரக் கூரைக்குக் கீழே அனலாக இருந்தது. பாதிக் கூரை எழுந்திருந்தது. உச்சியில் தட்டையாக விரிந்த பகுதியில் வளையங்கள் எல்லாம் அழகாகத் தொட்டுக்கொண்டு நின்றன. சட்டி தோள்மாதிரி வளைந்து கீழே இறங்குகிற பக்கத்தில்தான் வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி. சில இடத்தில் நகம் நுழையும். சில இடத்தில் பென்சில் முனை நுழையும்.

அண்ணன் என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தான். "இங்கன பாரு. தட்டையா இருக்க எடத்துல பூரா கரெக்டா முட்டுது. வளையுத எடத்துல மட்டுந்தான் விடுது. வளைய வளையக் கூட விடுது."

அந்த ஒரு வாக்கியத்தில் பதில் முழுவதும் இருந்தது. அவன் அதை எடுத்து என் கையில் கொடுத்தான். எனக்குத்தான் காதில் விழவில்லை.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் முட்டித்தான இருக்கு. நீ சின்னதா உருட்டியிருப்ப" என்றேன்.

"அளந்துதான்ட்டி உருட்டுதேன்."

"அப்போ வட்டமா வராம கோழிமுட்ட மாதிரி போயிருக்கும். சின்ன வளையம்லா, மெஷின்ல சரியாப் பிடி கெடைக்காது."

அவன் ஒரு வளையத்தை எடுத்து, நான் அச்சடித்துக் கொடுத்த காகிதத்தின் மேல் வைத்தான். கோட்டின் மேல் கோடாக உட்கார்ந்தது. வெயிலுக்குக் காகிதம் சுருங்கியிருக்கும் என்றேன். சொல்லும்போதே அது சப்பைக்கட்டு என்று எனக்குத் தெரியும்.

முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு வெல்டர் அண்ணாச்சி கேட்டார். "ஒரு சின்னப் பட்டைய வச்சு அடச்சிருவமா தங்கச்சி? பெயின்ட் அடிச்சா தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. "முட்டணும்னா முட்டணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடு. ட்ராயிங்ல உள்ளத ஒழுங்காச் செஞ்சாப் போதும்" என்று சத்தமாகச் சொன்னேன். அங்கே இன்னும் இரண்டு வேலையாட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் குனிந்து அந்த வளையத்தைச் சுவரோரமாகச் சாத்தி வைத்தான்.

வளைகிற பக்கத்தில் இருந்த அறுபத்துச் சொச்சம் வளையங்களையும் அறுத்து எடுத்துப் புதிதாக உருட்டினார்கள். அந்த வெயிலில் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை ஓடியது. புது வளையங்களிலும் அதே இடைவெளி. அதற்கப்புறம் என்னிடம் சொல்லாமலே அண்ணன் சில வளையங்களைக் கொஞ்சம் பெரிதாக உருட்டி வைத்துப் பார்த்திருக்கிறான். முட்டிவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். வேலை முடிந்த சந்தோஷம் அவன் முகத்தில் இல்லை.

"இப்ப முட்டுது. ஆனா அளந்து பாத்தா ட்ராயிங்ல உள்ளத விட நாலு மில்லி கூட வருது. அது எப்பிடின்னுதான் எனக்கு வெளங்கல."

"அப்போ ஒன் டேப்பு சரியில்ல. இல்லன்னா ஒன் கண்ணு சரியில்ல. வயசாவுதுல்லா" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"இருக்கும்" என்றான்.

ஆனியில் கூரையை லாரியில் துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு போய் நிறுத்தினோம். காற்றுக் காலம். பருத்திக்காட்டுப் புழுதி பறந்து கண்ணை மறைத்தது. மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற கரிசல் மண் என்பதால் தூண்களுக்கு ஆள் உயரத்துக்குக் குழி எடுத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் நின்றது. ஆர்க்கிடெக்ட் வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் லாரிக்குப் பக்கத்தில் நின்று கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு அறிமுகம் செய்திருக்கலாம். செய்யவில்லை.

அதற்குப் பிறகு அண்ணனிடம் ஒரு மாற்றம் வந்தது. அப்போது அதை நான் மாற்றமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி போட ஆரம்பித்தான். நாற்பத்தைந்து தாண்டினால் எல்லாருக்கும் வருவதுதான் என்று நினைத்தேன். புது டேப் வாங்கினான். காலையில் பட்டறைக்குக் கிளம்புமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் அளவுகளை எழுதிக்கொண்டு மாடிக்கு வருவான். ஒரு சாதாரண ஜன்னலுக்கு எத்தனை கம்பி, எவ்வளவு இடைவெளி என்ற கணக்கு. முப்பது வருடமாக மனக்கணக்காகவே செய்துவந்த வேலை. "ஒரு தடவ பாத்துச் சொல்லுட்டி" என்பான். நானும் பார்த்துச் சொல்லுவேன். எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஆவணியில் அதே ஆர்க்கிடெக்ட், பள்ளிக்கூட வாசலுக்கும் அதே மாதிரி சின்னதாக ஒன்று வேண்டும் என்றார். பழைய ஃபைலைத் திறந்தேன். வளைகிற பக்கத்தை நன்றாகப் பெரிதாக்கி வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டு வட்டங்களுக்கு நடுவே மெல்லிய ஒளி தெரிந்தது. அளந்தேன். நாலு மில்லி. பக்கத்தில் இருந்ததை அளந்தேன். மூன்றரை. தட்டையான பகுதிக்குப் போய் அளந்தேன். ஒன்றுமில்லை.

ஐந்து நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு வட்டங்களின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைச் தட்டையான தரையில் அளக்கிற மாதிரி நேர்க்கோட்டில் எடுத்து, அதை இரண்டுக்கும் பங்கிட்டு அளவு வைக்கச் சொல்லியிருந்தேன். தட்டையான இடத்தில் அது சரி. வளைவில் ஒவ்வொரு வளையமும் தன் பக்கமாகச் சாய்ந்து நிற்கும், நடுவில் திறந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தால் இரண்டு அட்டையும் சாய்ந்து நிற்பதைப்போல. சாய்ந்த வளையம் பக்கத்து வளையத்தை நோக்கி நீட்டும் தூரம் குறைந்துபோகும். அதனால் விடும். எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு விடும். சாய்வுக்கும் சேர்த்துக் கணக்கு வைக்க ஒரு வரி விதி எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. திரையில் தூரத்திலிருந்து பார்க்கும்போது எல்லாம் தொட்டுக்கொண்டிருப்பதாகவே தெரிந்தது. நானும் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

வளையுத எடத்துல மட்டுந்தான் விடுது. அவன் சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

அன்றைக்கே கீழே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பதினாறு படிதான். அன்று மத்தியானம் அண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். மோரை ஊற்றிக்கொண்டு, "என்ன, ஒரு மாதிரியா இருக்க?" என்றான். தலைவலி என்றேன். மறுநாள் பட்டறைக்கு யாரோ வந்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் மகளிடமிருந்து போன் வந்தது. இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. உண்மையான காரணம் வேறு. தங்கச்சி கணக்குத் தப்பாது என்று ஊர்முழுக்கச் சொல்லி வைத்திருந்தவன் முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. கூரை நின்றுவிட்டது, எல்லாருக்கும் சந்தோஷம், இனி யாருக்கு என்ன நஷ்டம் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீபாவளிக்கு மகள் வரும்போது எல்லாரும் இருக்கையில் வேடிக்கையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

பதினோராவது நாள் காலையில் வழக்கம்போல் துண்டுக் காகிதத்தோடு வந்தான். குளத்தூரில் ஒரு வீட்டுக்கு இரட்டைக் கதவு கேட். பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"நெசமாவா? நல்லாப் பாத்தியா?" என்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. "அப்போ வாரேன்" என்று இறங்கிப் போனான்.

குளத்தூரில் கேட்டுக்கு அளவெடுத்து முடித்துவிட்டு, பக்கத்து டீக்கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கிறது என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறான். அவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் சரிந்துவிட்டான். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. எங்களுக்குத் தகவல் வந்தபோது மதினி கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போனை எடுத்தவள் அதை என் பக்கம் நீட்டினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போனபிறகு, மதினி அவனுடைய வேலைப் பையைக் கொட்டி வெல்டர் அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டியதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து இரண்டு கண்ணாடிகள் வந்தன. எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"மொத கண்ணாடி இங்க வாங்குனது. அந்தக் கடையில தூரப்பார்வை நல்லாத்தான் இருக்கு, படிக்கதுக்கு மட்டும் லேசாப் பவர் வேணும்னு சொன்னாங்களாம். இவிய நம்பல. திருநவேலிக்குப் போயி இன்னொரு எடத்துல காட்டுனாவ. அங்கயும் அதயேதான் சொன்னாங்க. அப்பயும் நம்பல." மதினி இரண்டையும் மடித்து வைத்தாள். "எனக்குக் கண்ணு போச்சுட்டி, நாலு மில்லி தெரிய மாட்டேங்குது, இனிமே பெரிய வேல எதயும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. மில்லுல ஒரு படிக்கட்டு வேல வந்துச்சே, சுத்திச் சுத்தி ஏறுமே, அது. வேண்டாம்னுட்டாவ. அளவு தப்பிருச்சுன்னா தங்கச்சிக்குத்தான் கெட்டபேருன்னாவ."

நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். அன்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலை அடுப்படியில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது போய் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வளையம் சரி, அளவு சரி, அவன் கண்ணும் சரி, என் கணக்குத்தான் தப்பு என்றேன். மதினி கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?"

"அவன் போறதுக்குப் பதினோரு நாளு முன்ன."

"பதினோரு நாளும் இந்த வீட்டுலதான இருந்தே?"

"ஆமா மதினி."

"கீழ வந்து சாப்ட்டியே."

அவள் தட்டோடு எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் எங்களுக்குள் பேச்சு மிகவும் சுருங்கிவிட்டது. எனக்குச் சாப்பாடு மட்டும் வழக்கம்போல் மூடி வைத்திருப்பாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் திட்டவில்லை. மகள் விடுமுறைக்கு வந்தபோதும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் பிறகு சொன்னேன். மகள் அழுதாள். அடுத்த பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கிளம்பிப் போனாள்.

ஐப்பசியில் ஒரு நாள் மதினி படியேறி என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னாள்.

"பட்டறையில போயி சொல்லு. அங்கன உள்ளவங்க முன்னால வச்சுத்தான அன்னைக்குப் பேசுன. அவங்களுக்கும் தெரியட்டும்."

மறுநாளே போனேன். மதினியும் வந்து வாசலில் நின்றாள். வெல்டர் அண்ணாச்சியும் அந்த இரண்டு வேலையாட்களும் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்கள். வாயால் சொன்னால் சமாளிப்பதுபோல் இருக்கும் என்று, மூலையில் கிடந்த மிச்ச வளையங்களில் இரண்டை எடுத்துத் தரையில் தொட்டபடி வைத்தேன். பிறகு ஒவ்வொன்றின் வெளிப்பக்கத்தையும் தரையோடு அழுத்தி, நடுப்பக்கத்தைத் தூக்கிச் சாய்த்துக் காட்டினேன். நடுவில் விட்டது. "இத நான் கணக்குல சேக்கல. அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. ஒங்க யாரு மேலயும் இல்ல" என்றேன்.

வெல்டர் அண்ணாச்சி அந்த வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆறுதலாக ஏதாவது சொல்லுவார் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்திருக்கிறது. அவர் சொல்லவில்லை.

"இந்த ரெண்டு வளையத்த அன்னைக்கே இப்பிடித் தூக்கிப் பாத்திருந்தா அஞ்சு நிமிசம் ஆகியிருக்காது தங்கச்சி" என்றார். "நான் என் டேப்ப வச்சும் அளந்து பாத்தேன். அளவு சரியாத்தான இருக்கு, ட்ராயிங்ல ஏதோ கோளாறுன்னு ஒங்க அண்ணன்ட்டச் சொன்னேன். என்ன வஞ்சாரு. எந் தங்கச்சியப் பேசாத, வேலையப் பாருன்னாரு. பதினஞ்சு வருசத்துல அன்னைக்கு ஒரு நாளுதான் என்ன வஞ்சாரு." துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டார்.

மதினி பட்டறையை மூடிவிடுவாள் என்று உறவுக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். அவள் மூடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலையில் போய் உட்கார ஆரம்பித்தாள். வேலை கேட்டு வருகிறவர்களிடம் பேசுவது, கம்பி இறக்குவது, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவளே. பள்ளிக்கூட வாசலுக்கான சின்னக் கூரையையும் அந்தப் பட்டறையில்தான் செய்தோம். ஆர்க்கிடெக்டுக்கும் நடந்ததை எழுதிவிட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கூரை நன்றாக இருக்கிறது என்று பதில் அனுப்பினார். இந்தத் தடவை ஒவ்வொரு வளையமும் வைத்த இடத்தில் தொட்டது. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கிணற்றுக்குக் கம்பி மூடி போட வேண்டும் என்று ஆள் வந்தார்கள். வெல்டர் அண்ணாச்சிக்கு அன்று காய்ச்சல். "நீ வாரியா?" என்று மதினி கீழேயிருந்து கேட்டாள். அண்ணன் போனபிறகு அவளாக என்னைத் தன்னோடு ஒரு இடத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ரோட்டிலிருந்து இறங்கி நடந்தபோது கரிசல் மண் செருப்போடு சேர்ந்து கனத்தது. இரண்டு பேரும் செருப்பைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தோம். கிணற்றுக்கு அந்தப்புறம் அவள், இந்தப்புறம் நான். குறுக்கே டேப்பை இழுத்துப் பிடித்தோம். அவள் அளவை உரக்கப் படித்தாள். நான் எழுதிக்கொண்டேன். பிறகு இடம் மாறி நின்று இன்னொரு தடவை அளந்தோம். நான் படித்தேன், அவள் எழுதினாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

திரும்பி வரும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது என் முதுகில் அவள் நெற்றி படிந்தது. அழுகிறாள் என்று தெரிந்தது. சத்தம் இல்லை. உடம்பு மட்டும் குலுங்கியது.

"மதினி, வண்டிய நிறுத்தவா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், போ" என்றாள்.